படத்துக்குக் கீழே பெயர் எழுதியது யாருங்க?

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றி ஒரு இருட்டுப் பாதை. அங்கே சுவரில் தாடி வைத்த பெரியவர், பக்கத்தில் ஓர் இளையவர். 'கருவூர்த் தேவரும் இராசராசனும்' என்று போட்டு இந்தப் படத்தை எத்தனை இடத்தில் பார்த்திருப்பீர்கள்!

ஆனால் ஓவியத்தில் யார் பெயரும் எழுதவில்லை மக்களே. அது இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் சொன்ன ஊகம். எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவும் இல்லை. ஊகமாகச் சொன்னால் சண்டையே இல்லை. 'இராசராசன் முகம் இதுதான்' என்று சத்தியம் செய்வதுதான் எரிச்சல்.

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். "அதனாலதான் சொல்றோம், கல்வெட்டுதான் ஆதாரம். படமெல்லாம் அட்டைக்கு அழகு, அவ்வளவுதான்." இது அதைவிடப் பெரிய தப்பு!

இதே கோயில் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கணக்கு வைத்திருக்கிறது. சரி, அந்தக் காலத்தில் ஆடுகிறவள் கொண்டை எப்படிப் போட்டாள், துணியை எப்படிக் கட்டினாள்? கல்வெட்டு வாய் திறக்காது. சுவரில் ஆடுகிற பெண்களைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அங்கேயே சுந்தரர் கதையும் இருக்கிறது. கல்யாண வீடு, கிழவர் நீட்டும் ஓலை, ஒரு பக்கம் சமையல். சுந்தரர் எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். கோயில் முடிந்தது 1010-ல். வரைந்தவர் அந்தக் கல்யாணத்துக்குப் போனவர் இல்லை! தன் ஊரில் பார்த்த பந்தியையும் பாத்திரத்தையும்தானே வரைந்திருப்பார்? ஆகவே சுந்தரர் காலத்துக்கு இது சாட்சி இல்லை, சோழர் காலத்துக்குச் சாட்சி. அதையும் அப்படியே விழுங்கக் கூடாது. ஓவியர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு, அழகுக்காகக் கூட்டுவதும் உண்டு. சிற்பம், கல்வெட்டு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

இன்னொன்று. இந்தச் சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்தன. எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். 1930-ல் ஒருவர் 'இங்கே சோழர் ஓவியமே இல்லை' என்று அடித்துச் சொல்லியிருந்தால்? கண்ணுக்குத் தெரிவது மட்டுமே வரலாறு இல்லை.

கல்வெட்டைப் படிக்க எழுத்துப் பயிற்சி வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். படத்துக்கு மட்டும் கண் இருந்தால் போதுமா? வரைந்தது எப்போது, யாருக்காக, பெயர் போட்டது யார்? இந்த மூன்றையும் கேட்காமல் படத்தைக் காட்டி வரலாறு சொல்லாதீங்க. கேட்கச் சோம்பல் பட்டுக்கொண்டு படத்தைத் தூக்கியும் எறியாதீங்க.