ஹாலந்தும் நம் லயமும்

"முதலில் வயிறு நிறையட்டும், சமத்துவமும் சுதந்திரமும் பிறகு வரட்டும்" என்று உபதேசிக்கும் பெரியவர்கள் நம்மிடையே மலிந்து கிடக்கின்றனர். தோட்டத்துக் கோயில் கமிட்டியிலும் இந்தப் பேச்சு. தானா ராத்தாவில் தேநீர்க் கடை மேசையிலும் இந்தப் பேச்சு. பெண் தன் மணத்தைத் தானே தீர்மானிக்கட்டும் என்றோ, சாதி கேளாமல் பிள்ளைகள் கலியாணம் செய்துகொள்ளட்டும் என்றோ ஒருவன் வாய் திறந்தால் போதும். "அதெல்லாம் ஹாலந்து முதலிய பணக்காரத் தேசத்துச் சரக்கு, குளிர் நாட்டு வெள்ளைக்காரனுக்கு அது இரத்தத்தில் ஊறியது, நமக்கு ஒவ்வாது" என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறார்கள். கேமரன் மலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு குளிர் நாட்டைப் பற்றி இவ்வாறு பேசுவது ஒரு வேடிக்கைதான்.

அவர்கள் சொல்லும் ஹாலந்தையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் என்ற பெயரில் அவர்கள் நம் முன்னோருக்கு அன்னியரல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் நடத்தியவர்கள். 1641இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தவர்கள். அத்தேசத்தில் இன்று ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம். உலகத்திலேயே முதன்முதலாக 2001 ஏப்ரல் 1இல் அங்குதான் அது நடந்தேறியது. தீராத நோயால் துடிப்பவன் மருத்துவர் துணையோடு உயிர் விடுவதற்கும், கடுமையான நிபந்தனைகளுடன், 2002 முதல் சட்டம் இடங்கொடுக்கிறது. வேலை நேரத்தைக் குறைத்துத் தருமாறு தொழிலாளி கேட்டால், தொழிலுக்குப் பெருங்கேடு வருமென்று காட்டினாலன்றி முதலாளி மறுக்கலாகாது என்று 2000இலேயே விதித்துவிட்டார்கள். சராசரியாக வாரத்திற்கு 32 மணி நேரந்தான் அங்கே வேலை. இவற்றுள் ஒவ்வொன்றையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதன்று என் வாதம். இவையெல்லாம் பணத்தினாலும் இரத்தத்தினாலும் வந்தவையா என்பதே கேள்வி.

பணத்தை முதலில் பார்ப்போம். ஹாலந்து நேற்றுப் பணக்கார தேசமானதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே கீழ்த்திசை வாசனைப் பண்டங்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று ஐரோப்பாவின் செல்வச் செழிப்பில் முன்னின்றது. ஆனால் மணமான ஒரு டச்சுப் பெண் சட்டத்தின் கண்ணில் குழந்தைக்குச் சமானமாக, புருஷனுடைய அனுமதியின்றிச் சொந்தமாகப் பாங்கியில் கணக்குத் திறக்கவும் இயலாதவளாக எந்த வருஷம்வரை இருந்தாள் தெரியுமா? 1956 முடியும் வரை! வயிறு நிறைந்து முந்நூறு வருஷம் கழித்தல்லவா அவளுக்குக் கையெழுத்துரிமை வந்தது? இத்தனை காலம் எதற்காகக் காத்திருந்தார்கள்? இன்னும் ஒரு கப்பல் கிராம்புக்காகவா?

அந்த உரிமையும் தானாகக் கனிந்து விழவில்லை. அந்நாட்டின் முதல் பெண் மருத்துவராகிய அலெட்டா யாக்கோப்ஸ் 1883இல் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். வரி செலுத்துகிறேன், சட்டத்தில் ஆண் என்ற சொல்லே இல்லையே என்றார். என்ன செய்தார்கள்? 1887இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 'ஆண்' என்ற சொல்லையே நுழைத்துவிட்டார்கள். அவரும் அவர் தோழியரும் அதன் பின்னும் ஓயாது போராடி 1919இல் அன்றோ பெண்ணுக்கு வாக்கு வந்தது? சர்க்கார் உத்தியோகத்திலுள்ள பெண் கலியாணம் செய்துகொண்டால் சீட்டுக் கிழிக்கும் வழக்கமும் இருந்தது. அது கூடாதென்று கோரி டெண்டெலோ என்ற அம்மையார் 1955இல் கொண்டுவந்த தீர்மானம் பார்லிமெண்டில் 46க்கு 44 என்ற கணக்கில்தான் தேறியது. இரண்டே இரண்டு வாக்கு! இரத்தத்தில் ஊறியிருந்தால் 44 பேர் ஏன் எதிர்த்தனர்?

மத குருமாரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1954இல் அந்நாட்டுக் கத்தோலிக்க பிஷப்புமார்கள், சோஷலிஸ்டுத் தொழிற்சங்கத்தில் சேருகிறவனுக்குச் சர்ச்சின் சடங்குகள் கிடையா, செத்தால் சர்ச் முறைப்படி அடக்கமும் கிடையாது என்று ஓலை விடுத்தார்கள். கத்தோலிக்கனுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு பத்திரிகை, ஒரு சங்கம், புரொட்டஸ்டண்டுக்கு வேறொன்று, இப்படித் தூண் தூணாகப் பிரிந்து கிடந்த சமூகம் அது. நம் ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. 1960களில் ஜனங்கள் அத்தூண்களின் நிழலைவிட்டு வெளியேறினார்கள். வெளியேற எப்படி முடிந்தது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

இரத்தம் என்னும் வாதத்துக்கு இன்னுமொரு பதில் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மலாக்கா ஜலசந்திக்கு அக்கரையில் சுமத்திரா. அங்கே டெலி ஜில்லா. ஒல்லாந்தரின் புகையிலைத் தோட்டங்களில் சீனரும் ஜாவாக்காரரும் மட்டுமின்றி நம் தமிழரும் உழைத்தார்கள். மேடான் நகரத்து மாரியம்மன் கோயில் அவர்கள் விட்டுச் சென்ற அடையாளம். தாய்நாட்டில் தாராள மனமுடையவர்கள் என்று பெயரெடுத்த அதே ஒல்லாந்தர் இங்கு 1880இல் இயற்றிய கூலிச் சட்டப்படி, ஒப்பந்தக் கூலி அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டுப் போனால் குற்றவாளி, அவனுக்குச் சிறை. மேடானில் வக்கீலாயிருந்த ஃபான் டென் பிராண்டு என்ற ஒல்லாந்தரே 1902இல் இக்கொடுமைகளை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். சர்க்கார் ரெம்ரெவ் என்ற அதிகாரியை அனுப்பி விசாரித்தது. விசாரணை அறிக்கையைப் பூட்டி வைத்தது. அது முழுவதும் அச்சில் வந்தது 1987இல்தான். தண்டனைச் சட்டமோ 1931 முதல்தான் தளரலாயிற்று. அதற்கும் அப்படி விளைந்த புகையிலையை அமெரிக்கா வாங்காமற்போகுமே என்ற அச்சம் ஒரு முக்கிய காரணம். ஆக, ஒரே ஜாதி மனிதன், ஒரே இரத்தம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு சட்டம், டெலியில் ஒரு சட்டம்!

நிற்க. அங்கே வாழ்வு உயர்ந்ததன் இரகசியந்தான் என்ன? என் அபிப்பிராயத்தில் அது இதுதான்: ஒரு மனிதனுடைய சோறும் வீடும் முதுமைக் காலத்து ஆதரவும் ஒரே கையில் இல்லாதபடி செய்துவிட்டார்கள். 1901இல் வீட்டு வசதிச் சட்டம் இயற்றினார்கள். லாபம் கருதாத வீட்டுச் சங்கங்கள் அதன்படி வளர்ந்தன; இன்று அந்நாட்டு வீடுகளில் கால் பங்குக்கு மேல் அச்சங்கங்களுடையவை. முதலாளியோடு சண்டையிட்டவனுக்கு வீடு போவதில்லை. 1957 முதல் முதியோர் ஓய்வூதியம். எந்தத் துரையிடம் வேலை செய்தாய் என்பதையன்றி, நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்பதையே அது கேட்கிறது. பாதிரியாருக்குக் கோபம் வந்தால் வேலை போகாது. தகப்பனுக்குக் கோபம் வந்தால் கூரை போகாது. இந்நிலையில்தான் பிஷப்பின் ஓலையைக் கிழித்தெறிய ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. குறை அங்கும் உண்டு. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது, அவர்களிலும் குடியேறியவர் பலர்மீது, வரி இலாகா வீண்பழி சுமத்திக் கடனில் ஆழ்த்தியது. அது அம்பலமாகி 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமாச் செய்தது.

இப்பொழுது நம் லயத்துக்கு வருவோம். நம் பாட்டனார் காலத்தில் சம்பளம் தோட்டத்தினுடையது, லயம் தோட்டத்தினுடையது, ஆஸ்பத்திரியும் கள்ளுக்கடையும் தோட்டத்தினுடையவை, கோயில் நிற்கும் மண்ணும் தோட்டத்தினுடையது. "வயிறு முதலில்" என்று அன்றே அவர்கள் அடங்கிக் கிடந்தார்களா? 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதே மூச்சில், துரைமாருக்கும் உத்தியோகஸ்தருக்கும் எதிரே சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். பெண்களிடம் அத்துமீறல் நிற்கவேண்டும், உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போகவேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் கிராணிமாரும் உண்டு. இன்று நான் வகிக்கும் உத்தியோகத்துக்கு முன்னும் எவனோ ஒருவன் சைக்கிளைவிட்டு இறங்கித்தான் நின்றிருப்பான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்கள் வயிற்றையும் மானத்தையும் இரண்டாகப் பிரிக்கவில்லை; படித்த நாம்தான் பிரிக்கிறோம்.

இன்று நிலைமை மாறவில்லையா என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாயிற்று. 2023 முதல் வாரத்திற்கு 45 மணி நேர வேலை, பிரசவ விடுமுறை 98 நாள், தகப்பனுக்கும் 7 நாள். 1982இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்று நிலைநாட்டிற்று. ஆனால் வீடு? தொழிலாளர் வீடு எப்படி இருக்கவேண்டும், தண்ணீரும் விளக்கும் எப்படி வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அது யாருடைய வீடு என்பதை மட்டும் தொடவில்லை. ஓய்வு பெற்றவர் இத்தனாம் தேதிக்குள் காலி செய்க என்ற கடிதத்தைத் தட்டச்சு செய்கிறவன் நான். "தம்பி, நான் பொறந்ததே இந்த வீட்டுலதான், எங்கே போகச் சொல்லுறே?" என்று கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தாம் பிள்ளையோடு பட்டணத்துக்குப் போவதா, மருமகள் அங்கே சேர்ப்பாளா என்ற கவலையில், மகள் விரும்பிய மாப்பிள்ளையை வேண்டாமென்று தடுத்து, வீடுள்ள சொந்தக்காரனுக்கே கொடுத்துவிட்டார். இதில் சாதியும் உண்டு, கூரையும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

இந்த மலையில் இன்று கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பங்களாதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர். அவர்களுடைய அனுமதிச் சீட்டு ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டது. இங்கே கலியாணம் செய்துகொள்ளலாகாது என்பதும் அச்சீட்டின் நிபந்தனை. டெலிக் கூலியின் பேரனைப் போல் அவர்கள் என் ஜன்னலுக்கு வெளியே வரிசையாய் நிற்கிறார்கள். நம்மவரோ "கூலிக்கு வந்தவனுக்குக் கூலி போதாதா?" என்கிறார்கள். துரைமார் நம் பாட்டனைப் பற்றிச் சொன்ன சொல் இதுவேயன்றோ?

"பிறகு வரட்டும்" என்கிற பெரியவர் யாரென்று உற்று நோக்குங்கள். பெரும்பாலும் அவருக்குப் பட்டணத்தில் சொந்த வீடு இருக்கும். கோயில் கமிட்டியில் நாற்காலி இருக்கும். வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயர் இருக்காது. அவருக்கு எதுவும் பிறகு வரவேண்டியதில்லை. ஆதலால் தொழிற்சங்கத்தாரையும் சட்டசபைக்கு வாக்குக் கேட்டு வருவோரையும் நாம் கேட்கவேண்டியது, இருக்கிற லயத்துக்குப் புதுச் சாயம் பூசித் தருவதையன்று. முதலாளியின் கைக்குப் புறம்பான வீட்டை, தோட்டத்துக்கு வெளியே, புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் கேட்கவேண்டும். கோயில் கமிட்டிக்குச் செய்யவேண்டியது இன்னும் சுலபம். அதற்குப் பார்லிமெண்டு தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் பெண்களுக்கும் வாக்கு என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். எதிர்க்கும் பெரியவர்கள் கையுயர்த்தி எதிர்க்கட்டும். கணக்கெடுக்க நான் வருகிறேன்.