கருகிய எஃகு மீளாது

பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றை வாங்கி, அதன் ரிசீவரையும் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடல்பகுதி) தோட்டாவைப் பூட்டும் போல்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழலும் வால்நட் கட்டையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு வேட்டைத் துப்பாக்கி அமைத்துக்கொள்வது அமெரிக்காவில் நூறாண்டுப் பழக்கம். அந்தப் பட்டறைகளில் தலைமுறை தாண்டி வரும் பேச்சு ஒன்று உண்டு. "1903 ஸ்பிரிங்ஃபீல்டின் ஆரம்பகால ரிசீவர்கள் உடையக்கூடியவைதான். ஆனால் அது ஹீட் ட்ரீட்மென்ட்டில் வந்த கோளாறு. பழைய பதத்தை இறக்கிவிட்டுச் சரியான முறையில் மறுபடி பதம் ஏற்றினால் புதிது போல ஆகிவிடும்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு. சுடுபவரின் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் இரும்பைப் பற்றிய தவறு என்பதால், அதைப் பேசாமல் விட்டுவிட முடியாது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தின் இந்த ரைஃபிள் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும் இல்லினாயின் ராக் ஐலண்ட் ஆயுதசாலையிலும் செய்யப்பட்டது. ரிசீவருக்குக் கார்பன் குறைந்த எஃகு. அதன் மேற்பரப்பில் எலும்புக் கரியால் கார்பன் ஏற்றி, எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தினார்கள். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய 1917-இல் சில ரிசீவர்கள் வெடித்துச் சிதறின. காரணம் தேடியவர்களில் ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சரும் ஒருவர். கண்டறிந்ததை 1947-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகவே எழுதினார். 1918-இல் இரட்டைப் பதம் என்ற புது முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ் எண்ணிட்டவை எல்லாம் பழைய முறையில் செய்தவை. சுமார் பத்து லட்சம் ரைஃபிள்கள்.

கோளாறு ஹீட் ட்ரீட்மென்ட்டில் வந்தது என்பதுதான் அந்தப் பேச்சின் அஸ்திவாரம். அதுவே ஆட்டம் காண்கிறது. விசாரணை கடைசியில் போய் நின்ற இடம் கொல்லுப் பட்டறை. ரிசீவராக அடித்து உருவாக்குவதற்காக எஃகுக் கட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சும் இடம் அது. சூடு போதுமா என்று பார்க்க அன்று அங்கே கருவி இல்லை. பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத் தொழிலாளி முடிவு செய்வார். பல ஆண்டு அனுபவம் உள்ள தேர்ந்த கைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் வெயில் அடிக்கும் நாளில் பட்டறைக்குள் வெளிச்சம் நிறைந்திருக்கும்போது அதே ஆரஞ்சு நிறம் மங்கலாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டுவிடுவார்கள். மேகம் மூடிய நாளில் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். உலைகளில் சூடு அளக்கும் பைரோமீட்டரைப் பொருத்திப் பார்த்தபோது, 'சரியான சூடு' என்று அவர்கள் சொன்னது வெயில் நாளில் மேகநாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது. அதாவது சுமார் 165 டிகிரி செல்சியஸ். நல்ல வெளிச்சத்தில் காய்ந்த கட்டைகள் சில, பதம் ஏற்றும் அறைக்குப் போகும் முன்பே கருகிவிட்டன.

கருகுவதையும் வெறுமனே அதிகம் காய்வதையும் ஒன்றாக நினைப்பதில்தான் மொத்தக் குழப்பமும் இருக்கிறது. எஃகு அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் படிக மணிகள் பருத்துவிடும். உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் வெல்வெட் போல இல்லாமல், கற்கண்டை உடைத்தது போலப் பளபளவென்று பொறி பொறியாகத் தெரியும். இந்த நிலை வரை மீட்பு உண்டு. சரியான சூட்டுக்குக் கொண்டுபோய் ஆறவிட்டால் மணிகள் மறுபடி சிறுத்துவிடும். மறுபதம் பேசுகிறவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சூடு இன்னும் ஏறினால் மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள எல்லைகள் உருகத் தொடங்கும். கந்தகமும் பாஸ்பரஸும் அங்கே போய்ச் சேரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடுக்குகளில் புகுந்து எஃகை உள்ளுக்குள்ளேயே துருவாக்கும். மணிகளைப் பிடித்து வைத்திருந்த பிணைப்பே அங்கு போய்விட்டது. 900 டிகிரி செல்சியஸில் எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அந்த ஆக்சைடு கரையாது, பிணைப்பு திரும்பி வராது. அதை மீண்டும் உருக்காலையில் போட்டு உருக்கி வார்ப்பது ஒன்றுதான் வழி.

கருகாத ரிசீவராகவே கிடைத்துவிட்டால்? அப்போதும் பழைய பதத்தை 'இறக்குவது' நினைப்பது போல எளிதில்லை. காய்ச்சி ஆறவைத்தால் கடினம் போகும், ஏறிய கார்பன் போகாது. அது மேற்பரப்பிலிருந்து இன்னும் ஆழமாக உள்ளே பரவும். மறுபடி கார்பன் ஏற்றித் தோய்த்தால், ரிசீவரின் பக்கச்சுவர் போன்ற மெல்லிய இடங்களில் இரு பக்கத்துக் கெட்டியும் நடுவில் வந்து சந்திக்கும் அபாயம் உண்டு. வெளியே கெட்டி, உள்ளே இளக்கம் என்பதுதான் இந்தப் பதத்தின் முழு நோக்கம். உள்ளே இளக்கமே இல்லாமல் போனால், எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே செய்தவர்களாகிறோம். தோய்ப்பதில் ரிசீவர் முறுக்கிக்கொள்வதும், போல்ட்டின் பூட்டுக் காதுகள் உட்காரும் இடம் கோணலாவதும் தனிக் கதை.

"சோதித்துப் பார்த்துத்தானே கொடுக்கிறோம்" என்பது அடுத்த பதில். எதைச் சோதிக்கிறார்கள்? ராக்வெல் கருவி மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். உடையுமா வளையுமா என்பதை அது சொல்லாது. மிகக் கடினமான கண்ணாடியும் கீழே விழுந்தால் நொறுங்கத்தான் செய்கிறது. காந்தத்தூள் சோதனை மேலே வந்துவிட்ட விரிசலைக் காட்டும், விரிசல் விடக் காத்திருக்கும் மணி எல்லையைக் காட்டாது. சிலர் சுத்தியலால் ஓங்கித் தட்டிப் பார்க்கிறார்கள். நொறுங்கினால் அது மோசமானது என்று தெரியும். நொறுங்காவிட்டால் அந்த இடம் அந்த அடியைத் தாங்கியது என்பது மட்டுமே தெரியும். அந்த அடியிலேயே உள்ளே ஒரு விரிசல் தொடங்கியிருக்கலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய சோதனை, ரிசீவரை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. பார்த்த பிறகு அதை வைத்து என்ன செய்ய?

"நூறு வருடமாகச் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் கொஞ்சம் வலுவானது, அதனால் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வெடித்த ரிசீவர்கள் ஒவ்வொன்றும் தொழிற்சாலையிலேயே சோதனைத் தோட்டாவால் சுட்டுத் தேறியவை. சாதாரணத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு. சோதனைத் தோட்டாவுடையது 70,000. அதைத் தாங்கிய எஃகு பிறகு ஏன் உடைந்தது? நேராக வரும் அழுத்தத்தை அது தாங்கும், அதிர்ச்சியைத்தான் தாங்காது. ஸ்பிரிங்ஃபீல்டின் குழல் முகப்பு புனல் போலக் குடையப்பட்டது. அதனால் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிப்பக்கம் சிறிது தாங்கலின்றி வெளியே நிற்கும். கூடு நல்லதாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அடி மென்மையான கூடு, தவறிப் போட்ட வேறு தோட்டா, குழலுக்குள் அடைப்பு என்று ஏதாவது ஒன்று நேர்ந்து கூடு கிழிந்தால், வாயு முழு வேகத்தில் ரிசீவருக்குள் பாயும். நல்ல ரிசீவர் உப்பும், வளையும், சுடுபவர் தப்புவார். கருகிய ரிசீவர் துண்டுகளாகப் பறக்கும். நூறு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த நூறு வருடத்தில் ஒரு கூடும் கிழியவில்லை என்றுதான் பொருள்.

எண்ணிக்கையைச் சொல்லி ஆறுதல் தேடுகிறவர்களும் உண்டு. 1917 முதல் 1929 வரை வெடித்த ரிசீவர்கள் என்று ஹேட்சர் பட்டியலிட்டவை 68. பத்து லட்சத்தில் 68 என்பது மிகச் சிறிய பங்குதான், மறுக்கவில்லை. மரைன் படை இந்தப் பழைய எண் ரைஃபிள்களை இரண்டாம் உலகப் போர் வரை வைத்திருந்ததும் உண்மை. ஆனால் படைக்குக் கையில் இருந்த துப்பாக்கி அது. வேட்டைக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. கடையில் அதே பணத்துக்கு வேறு ரிசீவர் கிடைக்கும்போது, எது அந்த 68-ஐப் போன்றது என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்றை ஏன் கன்னத்தருகே வைத்துக்கொள்ள வேண்டும்?

ஜெர்மன் ரைஃபிளான மௌசர் 98-ஐ மறுபதம் செய்கிறார்களே என்று கேட்பார்கள். செய்கிறார்கள், தேர்ந்த ஆட்கள் செய்தால் நல்லபடியாகவே வருகிறது. அது வேறு சங்கதி. மௌசரிலும் மேலே கெட்டியாக்கிய இளகிய எஃகுதான். துளையிடவும் திருகு மரை போடவும் கெட்டித்தோலை உரித்தவர்கள் அதைத் திரும்ப ஏற்றுகிறார்கள். அங்கே அடியிலிருக்கும் எஃகு ஆரோக்கியமானது. போதாததற்கு, ரிசீவருக்குள் கூட்டின் தலையைச் சுற்றி ஒரு வளையம், வாயுவை வெளியேற்ற போல்ட்டில் துளைகள், பின்னால் மூன்றாவது பூட்டுக் காது என்று மௌசர் பல பாதுகாப்புகளுடன் வந்தது. அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்துக்கு 2,00,000 டாலர் காப்புரிமைத் தொகை கொடுத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்காக எடுத்துக்கொண்ட வடிவமைப்பில் அந்த வளையம் விடுபட்டதை என்னால் எளிதில் மறக்க முடிவதில்லை.

ராணுவமே என்ன செய்தது என்பது போதுமான சாட்சி. தன்னிடம் உலைகளும் உலோகவியலாளர்களும் இருந்தும், 1928-இல் எடுத்த முடிவு மறுபதம் அல்ல. பழுதுக்கு வரும் பழைய எண் ரைஃபிள்களின் ரிசீவரைக் கழித்துக்கட்டு என்பதே. பிற்காலத்தில் பக்கவாட்டில் போட்ட வாயுத் துளை சிதறும் வேகத்தைக் குறைக்கும், எஃகை மாற்றாது. அரசு ஆதரவில் பழைய ரைஃபிள் விற்கும் சிஎம்பி அமைப்பு, மேலே சொன்ன எண்களுக்குக் கீழுள்ளவற்றைச் சுட வேண்டாம் என்றே இன்றும் அறிவுறுத்துகிறது.

ஆனாலும் கழித்த ரிசீவர்களில் பல, இரண்டு போர்களுக்கு நடுவே வியாபாரிகள் கைக்குப் போய், மறுபதம் செய்தது என்ற உறுதிமொழியோடு அழகான வேட்டைத் துப்பாக்கிகளாக விற்பனையாகின. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. செதுக்கிய கட்டையும் நீலம் ஏற்றிய குழலும் பார்ப்பவரை மயக்கும். அப்படி ஒன்று விலைக்கு வந்தால், ரிசீவரின் முன்வளையத்தில் எண் இருக்கும். தொலைநோக்கியின் அடித்தகடு அதை மறைத்திருந்தால் திருகைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் சீவப்பட்டிருந்தாலோ, விற்பவர் கழற்ற மறுத்தாலோ, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.