தராசில் நிற்பது யார்?

ஆர்.எஸ்.புரத்தின் திவான் பகதூர் சாலைக்குத் துணியும் நகையும் வாங்க வருவோர் பலர். அதன் குறுக்குத் தெருக்களைக் கைக்குழந்தையோடு தேடி வருவோரும் உண்டு. மாலை வேளைகளில் குழந்தை நல மருத்துவர்களின் வாசலில் அமர்ந்திருக்கும் இளந்தாய்மாரின் முகங்களில், நோயைப் பற்றிய அச்சத்தோடு வேறோர் அச்சமும் தெரிகிறது. உள்ளே போனதும் குழந்தையைத் தராசில் கிடத்துவார்கள். அது ஓர் எண்ணைக் காட்டும். அதன்பின் கேட்கப்படும் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்ற அச்சம் அது.

"என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது கேள்வி. "என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது தீர்ப்பு. ஓர் இடைச்சொல் ஒரு தாயின் ஓராண்டு உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. நம்மிடம் வந்து மனம் நொந்து பேசும் பெற்றோருள் எடை பார்த்ததையே குறை கூறுவோர் மிகச் சிலர். பெரும்பாலோர் குறை கூறுவது இந்தத் 'தான்' என்ற சொல்லைத்தான்.

இவர்களுள் ஒரு சாரார், பிள்ளை ஒல்லி என்று ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். "ஓடுகிறான், ஆடுகிறான், காய்ச்சல் என்று படுத்ததில்லை, எடை மட்டும் பத்தாதாம்" என்று புலம்புவார்கள். மற்றொரு சாரார், பள்ளியில் நடந்த மருத்துவச் சோதனைக்குப் பின் பத்து வயது மகளின் அட்டையில் 'அதிக எடை' என்று எழுதி வந்ததைக் கண்டு கொதித்தவர்கள். "பூசினாற்போல இருந்தால் அது ஒரு நோயா? எங்கள் வீட்டுச் சோற்றையா குறை சொல்கிறார்கள்?" என்பது இவர்கள் கேள்வி. இவ்விரு சாராரும் வெவ்வேறு குடும்பத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு வயதில் எடை பத்தாது என்று கேட்டு, முன்பு நிலவைக் காட்டியும் இப்போது கைப்பேசியைக் காட்டியும் ஊட்டி ஊட்டி வளர்த்த அதே பிள்ளையைத்தான் பத்து வயதில் எடை அதிகம் என்கிறார்கள். அந்தத் தாய் எந்தச் சொல்லை நம்புவாள்?

இந்தச் சினத்தை அறியாமை என்று தள்ளிவிடும் மருத்துவ அன்பர்கள், தங்கள் மேசை மேல் விரித்து வைத்திருக்கும் வளர்ச்சி வரைபடத்தின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1977-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வரைபடமே நெடுங்காலம் உலகெங்கும் அளவுகோலாக இருந்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான பகுதி, ஒகையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரைச் சார்ந்த ஆய்வு நிலையத்தில் பல பத்தாண்டுகளாகத் திரட்டப்பட்ட அளவுகளைக் கொண்டது. அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோ முதல் சில மாதங்களில் விரைந்து எடை கூடிப் பின்னர் நிதானமாக வளரும். புட்டிப்பால் குழந்தையின் கோட்டை வைத்து அதனை அளந்தால், நான்கைந்து மாதத்தில் தளர்வதுபோலத் தோன்றும். "பால் போதவில்லை, பால்மாவு சேருங்கள்" என்ற அறிவுரை அங்கிருந்துதான் பிறந்தது. எத்தனை தாய்மார் அந்த ஒரு சொல்லால் தம் மார்பின்மேல் நம்பிக்கை இழந்தார்கள்!

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைகளை அளந்து, 2006-இல் புதிய வரைபடத்தை வெளியிட்டது. நம் நாட்டில் தெற்கு டில்லிக் குழந்தைகள் அளக்கப்பட்டார்கள். 2008-இல் நம் அங்கன்வாடிகளுக்கும் அதுவே அளவுகோலாயிற்று. ஆக, "என் பால் என் பிள்ளைக்குப் போதும்" என்று மருத்துவரோடு வாதாடிய பாட்டிமாருள் பலர் சொன்னது சரியே என்று அறிவியலே பின்னாளில் ஒப்புக்கொண்டது. கோடு மாறக்கூடியது என்பதை அறிந்தவர் அக்கோட்டைக் காட்டி அதட்டிப் பேச மாட்டார்.

இதைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்ந்துவிட வேண்டாம். அதே ஆய்வு அவர்களுடைய வாயையும் அடைக்கிறது. "எங்கள் வம்சமே ஒல்லிதான்" என்று சொல்லித் தராசைத் தட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். ஆறு நாட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, நல்ல உணவும் தூய்மையும் நோய்த்தடுப்பும் கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா இனத்துக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்கின்றன என்பது தெரிந்தது. தனியொரு குழந்தை இயல்பிலேயே மெலிந்திருக்கலாம். அதன் கோடு தாழ்ந்தே சென்றாலும் மேல்நோக்கிச் செல்லும். மூன்று மாதமாக நகராத கோட்டுக்கு வம்சத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அதன் பின்னால் காசநோயோ இதயக் கோளாறோ மறைந்திருக்கலாம். சினத்தில் அட்டையைத் தூக்கி எறிந்து வேறு மருத்துவரிடம் போகும் தந்தை, தன் பிள்ளையின் கோட்டையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார். புதிய மருத்துவர் முன்னே நிற்பது ஒற்றைப் புள்ளிதான்.

பருத்த பிள்ளையின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புனே நகருக்கு அருகில் ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்த நம் குழந்தைகளிடம், தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த கொழுத்த குழந்தை என்று அவர்கள் பெயரிட்டார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் முன்னோர் இருவரைப் பற்றிச் சொன்னார்கள். இங்கே இருவரும் ஒரே உடம்பில் குடியிருக்கிறார்கள்! இத்தகைய குழந்தைக்கு எடை ஏற வேண்டும் என்பதற்காகச் சர்க்கரையையும் மாவையும் திணித்தால் ஏறுவது தசையன்று, ஊளைச்சதை. பத்து வயதுப் பிள்ளையின் பிடரியில் கருமை படர்ந்தால், அழுக்கு என்று எண்ணிப் பயத்தமாவு போட்டுத் தேய்க்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். பல பிள்ளைகளில் அது, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதைச் சுட்டிக்காட்டும் மருத்துவர் உங்கள் சோற்றைப் பழிக்கவில்லை.

ஆனால் சுட்டிக்காட்டும் முறை என்று ஒன்று உண்டல்லவா? நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலன்று இது. இங்கிலாந்தில் 2005 முதல் ஆண்டுதோறும் பள்ளிகளில் நான்கைந்து வயதிலும் பத்துப் பதினோரு வயதிலும் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். பல வட்டாரங்களில் முடிவைப் பெற்றோருக்குக் கடிதமாக அனுப்புகிறார்கள். பிள்ளையைப் பார்த்திராத ஒருவர் எழுதிய கடிதம், 'உங்கள் குழந்தை அதிக எடை' என்கிறது. பெற்றோர் கொதித்ததில் வியப்பென்ன?

நம் தமிழ்நாடோ இதற்கு வெகுமுன்பே வேறொரு வழியைக் கண்டிருந்தது. அதை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் நம் ஆதங்கம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தது. நிறுத்தவர் வெள்ளை அங்கி அணிந்தவர் அல்லர். ஊட்டச்சத்துப் பணியாளரான ஒரு கிராமத்துப் பெண். பிள்ளையின் எடையை உரக்கச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அஞ்சிய தாய்மார் நடுவே அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவர் நோக்கியது, இம்மாத எண்ணைச் சென்ற மாத எண்ணோடு இணைக்கும் கோட்டை. கோடு ஏறினால் மகிழ்ச்சி. கோடு தளர்ந்தால் அந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது 90 நாட்கள் நாள்தோறும் சத்துருண்டை கொடுத்தார்கள். தேறியதும் உருண்டை நிற்கும். எடை பார்ப்பது நிற்காது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். குழந்தையின் வீட்டில் கிணறு வற்றியதா, மாமியார் படுத்திருக்கிறாரா, அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கிறதா என்பதெல்லாம் அதே ஊர்ப்பெண்ணுக்குத் தெரியும். ஆகவே அவர் கேட்ட கேள்வியில் 'தான்' இருக்கத் தேவையில்லை. அத்திட்டம் 1997 வரை இரு கட்டங்களாக நடந்து, பின்னர் அங்கன்வாடிகளோடு கலந்தது.

இன்று நகரத்து மருத்துவமனையில் மூன்று நிமிடத்தில் ஒரு குழந்தையைப் பார்க்கிறார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தைப் பழைய அட்டையைப் புரட்டவும், காலையில் என்ன உண்டது, எங்கே விளையாடியது, யார் கவனித்துக்கொள்கிறார் என்று கேட்கவும் செலவிட முடியாதா? அப்பா எங்கே என்று எந்த மருத்துவராவது கேட்கிறாரா? ஏச்செல்லாம் தாய்க்கு. வீட்டுக்குத் திரும்பினால் மாமியார் வாயிலிருந்து இன்னொரு பங்கு.

பெற்றோரின் சினத்தில் நமக்குப் புரியாத புதிர் ஒன்றுண்டு. "எடை குறைவு" என்று உண்மை பேசிய மருத்துவர்மேல் வருகிற சினம், அந்தச் சொல்லை வைத்துக் காசு பண்ணுகிற டப்பாவின்மேல் வருவதில்லையே, ஏன்? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவையும் உணவையும் விளம்பரம் செய்யக்கூடாது, அதற்காக மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தரக்கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கின்றன. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நெஸ்லேயின் செரலாக் இந்தியாவில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சேர்த்த சர்க்கரையோடு விற்கப்படுவதையும், அந்நிறுவனம் தன் சொந்த நாட்டில் குழந்தைகளுக்கான முதன்மைத் தானிய உணவைச் சர்க்கரை சேர்க்காமல் விற்பதையும் காட்டியது. அதே மாதத்தில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா முதலிய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியொரு வகை நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லையாம்! இத்தனை காலமும் பாலில் எதைக் கலக்கிக் கொடுத்தோம்? ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் விடியற்காலையில் கிடைக்கும் கீரைக்கட்டும், கொங்கு நாட்டு அடுக்களைக்கே உரிய ராகிக் களியும் பச்சைப்பயறுக் கடைசலும் அரிசிம்பருப்புச் சோறும் விளம்பரத்தில் வருவதில்லை. வராதது எதுவும் இன்று பலர் கண்ணில் உணவாகத் தெரிவதில்லை.

பள்ளிகளையும் விட்டுவிடலாகாது. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை பிள்ளையை நிறுத்து, வகுப்பறையில் மற்ற பிள்ளைகள் கேட்க எடையைப் படித்து, 'அதிக எடை' என்று எழுதி அனுப்பும் பள்ளிக்கு அந்தச் சொல்லை எழுத என்ன உரிமை? அந்த எண்ணைக் கேட்டுச் சிரித்த தோழர்களின் குரல் அப்பிள்ளையின் காதில் எத்தனை ஆண்டு ஒலிக்கும்!

இவ்வளவு சொன்ன பின்னும் நம் மனத்தை உறுத்துவது இன்னொரு தராசு. நம் மருத்துவரோடு சண்டையிட நமக்கு வாயிருக்கிறது. வேறு மருத்துவரைப் பார்க்கப் பணமிருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் பிள்ளையும் ஓர் அங்கன்வாடியில் நிறுக்கப்பட வேண்டிய பிள்ளைதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். அந்தத் தாய்க்குத் தராசின்மேல் சினம் வருவதில்லை. தராசு வரை போகவே அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. எடை பார்க்கும் நாளில் காலை எட்டு மணிக்கு அவள் நம் அடுக்களையில் நிற்கிறாள். "இன்று தாமதமாக வரலாமா அக்கா?" என்று கேட்க அவளுக்கு நா எழுவதில்லை; கேட்டால் அரைநாள் கூலி போய்விடும் என்ற பயம். மருத்துவர் தம்மை மதித்துப் பேசவில்லை என்று நொந்துகொள்ளும் இல்லத்தரசியர், அங்கன்வாடியில் எடை பார்ப்பது எந்த நாள் என்று இந்த வாரமே அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மாதத்தில் அந்த ஒரு நாள் அவள் பதினொரு மணிக்கு வரட்டும். கூலியைப் பிடிக்க வேண்டாம்.