ஆகாசம் பார்க்க மலைக்கு வர வேண்டாம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூணு கார் எங்க நிலத்துக்கு மேல இருக்கிற பாறை மேட்டுல வந்து நின்னுச்சு. பெங்களூர்ல இருந்து நாலு பேர், சென்னையில இருந்து ஆறேழு பேர். நட்சத்திரம் பார்க்க வந்திருக்காங்களாம். வந்ததும் முதல் வேலையா ஒரு கம்பை நட்டு அதுல வெள்ளை லைட்டைக் கட்டினாங்க. அப்புறம் ஸ்பீக்கர். அப்புறம் அடுப்பு மூட்டி கோழி வாட்டினாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தம்பி தண்ணி கேட்டு வீட்டுக்கு வந்தவர், "அங்கிள், இங்க வானம் ஃபுல்லா ஸ்டார்ஸ் தெரியும்னு சொன்னாங்க, ஒண்ணும் பெருசா தெரியலையே?"ன்னு கேட்டார்.

லைட்டை அணைச்சா தெரியும் தம்பின்னேன். "அணைச்சா பயமா இருக்கும் அங்கிள், பாம்பு வரும்"னார்.

அவரை நான் தப்பு சொல்லல. குடத்துல தண்ணி எடுத்துக் கொடுத்துதான் அனுப்பினேன். ஆனா அன்னைக்கு ராத்திரி அந்த வெளிச்சத்துல எனக்கும் ஒண்ணும் தெரியல. என் மரவள்ளிக் காட்டுல நின்னுக்கிட்டு எனக்கே என் வானம் தெரியல. அந்தக் கோபத்துலதான் இதை எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆகாசத்துல போற சாட்டிலைட்டைப் பார்க்க நீங்க நெல்லிவாசல்நாடு வரைக்கும் வர வேண்டியதே இல்லை. சென்னையில உங்க மொட்டை மாடியிலயே தெரியும். சர்வதேச விண்வெளி நிலையம்னு ஒண்ணு சுத்துதே, மனுஷங்க குடியிருக்கிறது, அது சுத்தற உயரம் சுமார் 400 கிலோமீட்டர். நல்லா தலைக்கு மேல போற நாள்ல வானத்துல இருக்கிற எந்த நட்சத்திரத்தையும் விட அது பிரகாசம். தி.நகர் கடை வெளிச்சத்தை எல்லாம் மீறிக்கிட்டுத் தெரியும். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம், தலைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்துக் கூடாரத்துல படுக்க வேண்டாம். உங்க ஊர்ல எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தத் திசையில வரும்னு நாசாவே இலவசமா சொல்லுது. நீங்க நிமிர்ந்து பார்க்கறதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் பார்க்க ஆரம்பிச்சது படிப்பாலயோ ஆசையாலயோ இல்லை, காட்டுப்பன்னியால. மரவள்ளி கிழங்கு விட்டுச்சுன்னா பன்னி விடாது. ஒரு ராத்திரி அசந்தா அரை ஏக்கர் போச்சு. அதனால மார்கழி, தை ரெண்டு மாசமும் பரண்தான் எனக்கு வீடு. பரண்ல படுத்தா கண்ணுக்கு வேற என்ன தெரியும்? முதல்ல ஏதோ விமானம்னு நினைச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன், விமானம்னா சிவப்பு, பச்சை விளக்கு மினுக் மினுக்னு அடிக்கும். இது மினுக்காம, சத்தமில்லாம, ஒரே சீரா மேற்குப் பக்கம் எழும்பி கிழக்குப் பக்கம் இறங்குது. மொத்தமே அஞ்சு ஆறு நிமிஷம். சில நாள் கிழக்கே இறங்கறதுக்கு முன்னாடியே, பாதி வானத்துல, விளக்குல எண்ணெய் தீர்ந்த மாதிரி மங்கி காணாமப் போயிடும்.

ஏன் அப்படின்னு என் பெரிய பொண்ணுதான் காலேஜ் லீவுக்கு வந்தப்ப சொல்லிக் கொடுத்தா. அதுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில்தான் அதுல பட்டுத் தெரியுது. மலையில இருக்கிறவனுக்கு இது சட்டுனு புரியும். பள்ளத்துல இருட்டின பிறகும் உச்சிப் பாறையில கொஞ்ச நேரம் மஞ்ச வெயில் நிக்கும் இல்லையா, அதே கணக்குதான். நமக்கு இருட்டிடுச்சு, 400 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிறவனுக்கு இன்னும் பொழுது இறங்கல. அதனாலதான் பொழுது சாஞ்சு ஒண்ணு ரெண்டு மணி நேரமும், விடியறதுக்கு முன்னாடி அதே மாதிரியும் இதுங்க நல்லாத் தெரியும். நடு ராத்திரியில தாழப் பறக்கிறது எல்லாம் பூமியோட நிழலுக்குள்ள போயிடும். நம்ம காருங்க வந்து கோழி வாட்டி முடிச்சு நிமிர்ந்து பார்க்கிறது எத்தனை மணிக்கு? பதினொண்ணு, பன்னிரண்டு. அப்புறம் ஒண்ணும் தெரியலைன்னா?

வடக்கு தெற்கா போறதும் உண்டு. அதெல்லாம் பெரும்பாலும் பூமியைப் படம் பிடிக்கிற வகை. விட்டு விட்டு எரியற மாதிரி ஒண்ணு போனா, அது உருண்டுக்கிட்டே போற பழைய ராக்கெட் துண்டா இருக்கும். உங்க வீட்டு டிஷ் ஆண்டெனா பார்த்துக்கிட்டு இருக்கே, அந்த சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் தூரத்துல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கு, அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூன்ல போய் 2025 மார்ச் வரைக்கும், 286 நாள், மேலயே இருந்தாங்களே, அந்தத் தை மாசம் ஒரு சாயங்காலம் எங்க வீட்டுக்காரியைப் பரணுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதோ போகுதே, அதுக்குள்ளதான் அந்தம்மா இருக்காங்க"ன்னேன். ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு, "அவங்களுக்கு யாரு சோறு ஆக்கிப் போடறது?"ன்னு கேட்டா. எட்டு நாளைக்குன்னு போனவங்க அத்தனை மாசம் மாட்டிக்கிட்டாங்கன்னு அவளுக்கும் தெரியும். அடுத்த வருஷம் ஜூன் கடைசியில சுபான்ஷு சுக்லா போனப்ப காட்டறேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஆடி பிறக்கிறதுக்குள்ள அவர் திரும்பிட்டார். அந்தப் பதினெட்டு நாளும் எங்க மலையில மேகம் விலகல.

இனி இந்த மலையோட பெருமையையும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்க வர்ற கார்ல பாதி பேருக்கு அது தெரியல. இதே ஜவ்வாது மலையில காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1960கள்ல பாப்பு ஐயா இடம் தேடி அலைஞ்சு இந்த மலையைப் பிடிச்சதுக்குக் காரணமே ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டுதான். 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப, அதைச் சுத்தி வளையம் இருக்குன்னு தெரிஞ்சுதே, அன்னைக்கு அதைப் பார்த்த இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1986ல 2.34 மீட்டர் கண்ணாடி வச்ச பெரிய தொலைநோக்கியை ராஜீவ் காந்தி வந்து திறந்து வச்சார். 1988ல அங்க கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு கணித மேதை ராமானுஜன் பேரு. இவ்வளவும் எங்க இருட்டு கொடுத்தது. நாங்க வரி போட்டு வளர்க்கல, வேலி போட்டுக் காக்கல, சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறது எதுக்கும் இந்தக் காலத்துல மதிப்பு இல்லை போல.

படிச்சவங்க செய்யற இன்னொரு கூத்தும் இருக்கு. ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டை 2019 மே மாசம் முதல் தொகுதியா 60 விட்டாங்க. இப்ப ஆயிரக்கணக்குல ஆயிடுச்சு. விட்ட புதுசுல ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு போகும். ஒரு தடவை அப்படிப் போனப்ப எங்க ஊர்ப் பாட்டி ஒருத்தர் பார்த்துட்டு, "எறும்பு சாரை மாதிரி போகுதே"ன்னு சொல்லிட்டு மாட்டைக் கட்டப் போயிட்டாங்க. மறுநாள் வாட்ஸ்அப்ல வருது, பறக்கும் தட்டாம், வேற்று கிரகத்து ஆளுங்களாம். அனுப்பினது யாரு? ஐ.டி. கம்பெனியில இருக்கிற என் சொந்தக்காரப் பையன். மலைக்காரன் மூடநம்பிக்கைக்காரன்னு பேசறவங்க இதையும் கணக்குல வச்சுக்கணும்.

எங்க கிட்டயும் அந்தக் கதை உண்டு, மறைக்கல. 1979ல ஸ்கைலேப் விழப்போகுதுன்னு புரளி கிளம்பினப்ப எனக்கு எட்டு ஒம்பது வயசு. எப்படியும் சாகப்போறோம்னு எங்க அப்பா அடைகாத்துக்கிட்டு இருந்த கோழியையே அறுத்துட்டார். ஜூலை 11ஆம் தேதி அது ஆஸ்திரேலியா பக்கம் போய் விழுந்துச்சு. எங்க அம்மா அந்தக் கோழிக்காக அப்பாவை ரொம்ப வருஷம் திட்டினாங்க. ஆனா அன்னைக்கு எங்களுக்குச் சொல்ல ரேடியோகூட இல்லை. உங்க கையில இன்னைக்கு எல்லாம் இருக்கு.

"லைட் வேண்டாம்னு சொல்றது ஈஸி, இருட்டுல நீங்க கஷ்டப்படறது அழகா?"ன்னு கேட்பீங்க. லைட் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? எங்க தெருவுக்கு லைட் கேட்டு மனு எழுதினதே நான்தான். என் மச்சானை விரியன் கடிச்சது லைட் இல்லாத பாதையிலதான். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கூப்பிடலாம்னா அந்த எடத்துல சிக்னல் இல்லை. தலைக்கு மேல ஆயிரம் சாட்டிலைட் போகுது, போன் பேச பாறை மேல ஏறணும். இந்தப் பதிவையும் அங்க உட்கார்ந்துதான் ஏத்தறேன். மச்சான் பிழைச்சார், கால் ஒண்ணு இன்னும் சரியில்லை. அதனால வெளிச்சத்தோட அருமை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

நான் சொல்றது வேற. பாம்பு தரையிலதான் ஊரும், வானத்துல பறக்காது. அப்புறம் எதுக்கு லைட்டை வானத்துக்கு அடிக்கணும்? தெரு லைட்டு வந்தப்ப அது பாதி வெளிச்சத்தை மேலயும் பக்கத்துலயும்தான் கொட்டுச்சு. நானும் லைன்மேனும் சேர்ந்து பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தொப்பி செஞ்சு மாட்டினோம். செலவு ஒண்ணுமில்லை. பாதையில முன்னைவிட நல்லாத் தெரியுது, பரண்ல இருந்து வானமும் தெரியுது. எண்ணெய் டின்னால ஆகறது, லட்சக்கணக்குல செலவழிச்சு விடுதி கட்டறவங்களால ஆகாதா?

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார். பாறை மேட்டை ஒட்டின என் ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டார். நட்சத்திர முகாம் போடப் போறாராம். அவர் சொன்ன தொகை மரவள்ளியில ரெண்டு வருஷத்துலயும் எனக்கு வராது. சின்னப் பொண்ணுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டணும். கைல வச்சிருந்த படத்தைக் காட்டினார். கூடாரம் சுத்தியும் சீரியல் லைட், நடுவுல உயரமா ஒரு கம்பம், அதுல நாலு பக்கமும் ஃபோகஸ்.

நான் சொன்னேன், நிலம் தர்றேன் சார், ஆனா ஒரு கண்டிஷன். எல்லா லைட்டும் முழங்கால் உயரத்துக்கு மேல போகக்கூடாது, தரையைப் பார்த்துத்தான் இருக்கணும், கம்பம் கிடையாது. அவர் சிரிச்சுக்கிட்டே, "லைட் இல்லாம கஸ்டமர் வர மாட்டாங்கண்ணே, பார்ட்னர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்"னார்.

இன்னும் போன் வரல. சிக்னல் இல்லாததால வரலையான்னு நானும் தினம் சாயங்காலம் பாறை மேல ஏறிப் பார்த்துட்டுத்தான் வர்றேன்.