பிள்ளை சோம்பேறியா... தசையில் கோளாறா?

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால், அருவியில் குளித்துவிட்டு பிரானூர் பார்டரில் சுடச்சுட பரோட்டா சாப்பிடாமல் திரும்புவோமா? அந்தப் பரோட்டாவின் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுகிறது. அவசரத் தேவை போக மீதி, 'கிளைக்கோஜன்' என்ற பெயரில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகிறது. பெரியவர்களின் தசைகளில் மட்டும் சுமார் 400 கிராம்! படியேறும்போதும், பஸ்ஸுக்கு ஓடும்போதும் இந்தச் சேமிப்புதான் கை கொடுக்கிறது.

சிலருக்கோ, குதிர் நிறைய நெல் இருந்தும் திறக்க முடியாத நிலை. 'பி.ஒய்.ஜி.எம்.' என்ற மரபணுவில் கோளாறு இருந்தால், கிளைக்கோஜனை உடைக்கும் என்சைம் தசையில் வேலை செய்யாது. 1951-ல் லண்டன் டாக்டர் பிரையன் மெக்கார்டில் விவரித்ததால் இது 'மெக்கார்டில் நோய்' எனப்படுகிறது. அரிய நோய்தான். ஆனால், இதன் அறிகுறி நம்மை ஏமாற்றிவிடும்!

பண்பொழி திருமலைக் கோயில் படியேறினால், சில நிமிடத்திலேயே தொடை இறுகி வலிக்கும். சற்று நின்று, மெதுவாகப் பத்து நிமிடம் போல நடந்தால், ரத்தம் வழியே குளுக்கோஸும் கொழுப்பும் வந்து சேரும்; நடை எளிதாகிவிடும். உடனே நாம், "ஏலே, நடிக்கியா? இப்ப மட்டும் எப்படி நடக்கே?" என்று திட்டுகிறோம். பி.டி. மாஸ்டர் இன்னும் இரண்டு ரவுண்டு ஓடச் சொல்கிறார். இது தப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட! வலியை மீறி ஓடினால் தசை சிதைந்து, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகலாம், சிறுநீரகமே பழுதாகலாம். அப்படிப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கால் வலிக்கிற பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் என்று பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால், சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை முதல் துப்பு கொடுக்கும். மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். நோயைப் போக்கும் மருந்து இல்லை. ஆனால், மெதுவாக ஆரம்பித்து, டாக்டர் சொல்படி உடற்பயிற்சி செய்தால் நன்றாகவே வாழலாம்.

இன்னொரு விஷயம். பெற்றோர் இருவரும் இந்தக் கோளாறைச் சுமந்தால், தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைத் தர 25 சதவிகித வாய்ப்பு உண்டு. தென்காசிப் பக்கமும் 'சொந்தம் விட்டுப் போகக்கூடாது' என்று தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுக்கிற வழக்கம் உண்டே! அவருக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு பொது. சொந்தத்தோடு கோளாறும் விட்டுப் போகாது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், தேதி குறிக்கும் முன் மரபியல் டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளை "கால் வலிக்கும்மா"ன்னா, கம்பை எடுக்காதீங்க. "எப்ப வலிக்கு? எவ்வளவு நேரத்துல சரியாகுது?"ன்னு கேளுங்க. அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்க.