பிறர் கூற்றை எடுத்துரைத்தல்

பத்தாம் வகுப்பு மாணாக்கர் பயிலும் ஆங்கில இலக்கணத்தில், நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் அப்பியாசத்தைப்போல் காரணம் சொல்லாமலே கற்பிக்கப்படும் பகுதி வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். 'வில்' வந்தால் 'வுட்', 'ஹியர்' வந்தால் 'தேர்', 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கச் செய்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. சொன்னவர் யார், எடுத்துரைப்பவர் யார், எப்போது எங்கே நின்று உரைக்கிறார் என்ற கேள்விகள் மட்டும் எழுவதேயில்லை.

செய்யூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பமொன்றிலிருந்து பள்ளிக்கு வரும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். 'நான் நாளைக்குக் கடலுக்குப் போகமாட்டேன் என்று அப்பா சொன்னார்' என அவன் தமிழில் சொல்லும்போது, அந்த 'நான்' தகப்பனாரே என்பதில் கேட்பவர் எவருக்கும் சந்தேகம் தோன்றுவதில்லை. அதே பழக்கத்தில், 'மை ஃபாதர் செட் தட் ஐ வில் நாட் கோ டு ஸீ டுமாரோ' என்று எழுதினானாகில், கடலுக்குப் போகாதவன் மகனாகிவிடுகிறான்! இது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. தாய்மொழியின் நியாயத்தை அயல்மொழியிலும் நம்பியதால் நேர்ந்தது. சொன்னவர் வாக்கை அவர் நின்ற இடமும் நேரமும் மாறாமல் 'என்று' போட்டு நிறுத்துவது நமது வழக்கம். அவ்வாக்கைத் தன் இடத்துக்கும் தன் காலத்துக்கும் இழுத்துவந்து உரைப்பது ஆங்கிலத்தின் வழக்கம். தமிழிலும், 'தாம் மறுநாள் கடலுக்குப் போகப்போவதில்லை என்று அப்பா சொன்னார்' எனும் அயற்கூற்று உண்டு; அங்கே 'நான்' 'தாம்' ஆகிறது, 'நாளை' 'மறுநாள்' ஆகிறது, ஆயினும் வினைமுற்றின் காலம் மட்டும் அசையாமல் நிற்கிறது. இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கினால், ஆங்கிலத்தில் புதிதாகக் கற்கவேண்டியது அந்தக் காலப் பின்னடைவு ஒன்றே என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

அந்தச் சிறுவன் அன்றைக்கே வகுப்பில் எழுந்து இச்செய்தியைச் சொல்வானாயின், 'டுமாரோ' என்பதை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. நாளை இன்னும் நாளையாகவே இருக்கிறது. அட்டவணையை நம்பித் திருத்துபவரோ அதைப் பிழையென்று சுழித்துவிடுகிறார். 1930-களில் ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூலின் வழியே வந்த பயிற்சி முறையையே நாம் இன்றும் பின்பற்றி வருகிறோம். பம்பாயில் கல்வித்துறையில் பணியாற்றிய அந்த ரென், 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்னும் நாவலால் உலகப் புகழ் பெற்றவர் என்பதும், மனிதர் பேச்சைக் கதையாக்கத் தெரிந்தவருடைய பெயரால் நம் பிள்ளைகள் பேச்சறியாத வாக்கியங்களை உருமாற்றிக்கொண்டிருப்பதும் ஒரு வேடிக்கை.

இவ்விஷயம் தேர்வோடு முடிந்துபோவதன்று. 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்குத் திட்டம் தீட்டப்பட்ட தாலுகா செய்யூர். இத்தகைய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த விதிக்கும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் வெளியிட்ட கருத்துகளையும் கவலைகளையும் பிசகின்றிச் சுருக்கி எழுதி, கூட்டத்தின் முடிவில் அவர்கள் மொழியிலேயே விளக்கிப் படித்துக்காட்டவேண்டும் என்கிறது. 'உப்பளம் போனால் நாங்கள் எங்கே போவோம்?' என்று ஒரு பெண்மணி கேட்டதாக வைத்துக்கொள்வோம். அதனை 'மாற்று வேலை குறித்து விசாரித்தார்' என்று எழுதலாம். 'ஆட்சேபித்தார்' என்றும் எழுதலாம். இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் முதலாவதில் அவருடைய எதிர்ப்பு மறைந்துபோகிறது. 'செட்', 'ஆஸ்க்டு', 'வார்ண்டு', 'அப்ஜெக்டட்' என்னும் அறிவிப்பு வினைகளுள் எதைத் தேர்வதென்ற விவேகமே இப்பாடத்தின் உயிர்; நம் வகுப்புகளில் அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ஆகவே, வினாத்தாள் அமைப்போர் தனி வாக்கியத்தைக் கொடுத்து 'மாற்றுக' என்று கேட்பதை விட்டு, இருவர் சம்பாஷணையைத் தந்து, அதை இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரிடம் எடுத்துரைக்கிறார் என்று குறித்துக் கேட்கவேண்டும். அவ்வாறு குறிக்க இடமில்லையாயின், 'டுமாரோ', 'தி நெக்ஸ்ட் டே' இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கும்படி விடைக்குறிப்பிலேயே எழுதிவிடவேண்டும்.