கறளுக்கு மேல பெயின்ற் அடிச்சு விக்கிற கதை

நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களின் படங்களில் மூன்று விசயம் கட்டாயம் இருக்கும். குதிரை, பெருக்குமரம், பிறகு ஒரு பழைய ஜீப்பின்ரயோ பிக்கப்பின்ரயோ பின்பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த செல்பி. கீழே ஆராவது ஒருத்தர் எழுதியிருப்பார்: "அந்தக் காலத்து இரும்பு மச்சான், இப்ப வாறதெல்லாம் பேணித் தகரம்."

எங்கட சண்டை இந்த வசனத்தோடுதான். குதிரையோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்தக் காலத்து இரும்பும் இரும்புதான். உப்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு கறள் பிடிக்கும். நாற்பது வருடம் உப்புக் காற்றில் நின்ற இரும்பு, நாலு வருடம் நின்ற இரும்பைவிடப் பத்து மடங்கு நேரம் கறள் பிடித்திருக்கிறது. பலமான வாகனம் என்று பெயர் எடுத்ததாலேயே அதைக் குனிந்து பார்க்கிற பழக்கம் எங்களிடம் இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கு அந்தப் பெயரைக் காசாக்குகிறவர்கள் ஒரு பக்கம், அதன் முதுகில் ஏறி நிற்கிற தீவுச் சனம் இன்னொரு பக்கம்.

முதலில் லாண்ட் றோவர். "அது அலுமினியம், கறள் பிடிக்காது" என்பது எங்கட பக்கம் வேதவாக்கு. பாதி உண்மை, ஆனால் ஆபத்தான பாதி. 1948இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அந்த வாகனம் முதன்முதலில் காட்டப்பட்டபோது, இரண்டாம் உலகப்போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால்தான் வெளிப் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கீழே இருக்கிற சேசி உருக்கு. எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் இடையில் நிற்கிற சுவரும் உருக்கு. கதவின் உள்சட்டமும் உருக்கு. இப்படி அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, நடுவில் உப்புத்தண்ணி புகுந்தால் என்ன நடக்கும்? பற்றறிக்குள் நடக்கிறது நடக்கும். இரண்டு உலோகம், இடையில் உப்புநீர், மின்னோட்டம், அரிப்பு. கதவின் அடிப்பக்கத்திலும் ஆணி அடித்த இடங்களைச் சுற்றியும் பெயின்ற் கொப்பளிக்கும். விரலால் சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டும். அதுதான் அலுமினியத்தின் கறள். சிவப்பாக இல்லாததால் அதைக் கறள் என்று ஒருத்தரும் எண்ணுவதில்லை.

ஆனால் வெள்ளைத் தூள் ஆளைக் கொல்லாது. கொல்லக்கூடியது சேசி.

லாண்ட் றோவர் சேசி நாலு பக்கமும் தகடு வைத்து ஒட்டின பெட்டி. உள்ளே வெறும் கூடு. சேறும் உப்பும் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்ப் படிந்து, வெயிலில் காயாமல் ஈரமாகவே கிடக்கும். வெளியே கறுப்புப் பெயின்ற் மினுங்கும், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி மெலிந்துகொண்டு போகும். முதலில் போவது பெரும்பாலும் பின்னுக்குக் குறுக்கே கிடக்கிற பாகம், ட்ரெயிலர் கொழுவுகிற இடம். அடுத்தது, சேசியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பொடியைத் தாங்குகிற கைகள். பிறகு வில்லுத்தகட்டைச் சேசியோடு பிடித்து வைத்திருக்கிற இடம். இந்தக் கடைசி இடத்தைப் பற்றி மட்டும் விளையாட முடியாது. அது பிய்ந்தால் அச்சு ஒரு பக்கம் விலகும், நீங்கள் ஸ்ரியரிங்கைத் தொடாமலே வாகனம் திரும்பும். பிரேக்கில் ஒரு குறையும் இருக்காது, சில்லில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் வாகனம் மதிலில் நிற்கும்.

ஊரில் அதிகம் கண்ணில் படுவது லாண்ட் றோவர் இல்லை என்பதும் தெரியும். 4டீஆர்5 என்று எஞ்சின் பெயராலேயே நாங்கள் கூப்பிடுகிற மிற்சுபிசி ஜீப்தான். வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தில் யப்பானில் 1953இலிருந்து 1998 வரை செய்யப்பட்ட குடும்பம் அது. எஞ்சின் கல்லு, அதில் வாதம் இல்லை. பொடி முழுக்க இரும்புத் தகடு. காலடித் தட்டுக்குக் கீழே குறுக்கே ஓடுகிற வளைதகடுகள் சேற்றைப் பிடித்து வைத்து உள்ளுக்குள்ளால் அரிபடும். பொடியைச் சேசியோடு பூட்டுகிற இறப்பர் அமுங்கிப் போக, போல்ற் ஓட்டை பெருக்கும். ஸ்ரியரிங் பெட்டி பூட்டின இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். கல்லு றோட்டில் நாள் முழுக்க அதிருகிற வாகனத்துக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். எஞ்சின் ஒரு கிக்கில் பிடிக்கிறதைக் கேட்டு, "சாமான் நல்லா இருக்கு" என்று காசை எண்ணிக் கொடுக்கிற ஆக்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் உங்களை ஓட்டிக்கொண்டு போகும், சேசிதான் உங்களைத் தாங்கிக்கொண்டு போகும்.

இதெல்லாம் கண்டியிலும் நடக்கும், கொழும்பிலும் நடக்கும். தீவகத்தில் இது ஏன் வேறு கதை?

சோளகம் வீசுகிற மாதங்களில் ஊர்காவற்றுறையில் வீட்டு யன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள், கை பிசுபிசுக்கும். அது பகல் இரவாக வாகனத்திலும் படிகிறது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற நீண்ட கடல்வழிப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் தெறிக்கிற தண்ணி கீழ்ப்பக்கத்தில் நேரடியாக அடிக்கும். நெடுந்தீவுக்கு வாகனம் போவதென்றால் படகில் ஏற்றித்தான் போகவேண்டும், மேல் மூடி ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்தபிறகு அது செய்கிற வேலை என்ன? மீன் பெட்டி ஏற்றுவது. ஐஸ் உருகி, மீன் உப்போடு சேர்ந்து, பின்தட்டின் மூலைகளால் வடிந்து சேசிக்குமேல் சொட்டும். தினமும்.

"கழுவி வைக்கலாந்தானே?" எதால் கழுவுவது? இதுதான் வெளியூர் மெக்கானிக் புத்தகங்களில் இல்லாத பகுதி. உப்புப் பட்டால் நல்ல தண்ணியால் அடியைக் கழுவுங்கள் என்று எல்லா இடமும் எழுதியிருக்கும். எங்கட தீவுகளில் கனக்கக் கிணறுகள் சவர். குடிக்கிற தண்ணியே தேடி எடுக்கவேண்டிய இடம். வேலணையில் சாட்டிப் பக்கம் நல்ல தண்ணி ஊறும், அது குடிக்க. நெடுந்தீவில் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள், அதுவும் குடிக்க. குடத்தோடு வரிசையில் நிற்கிற வீட்டில் ஆர் ஜீப்புக்கு அந்தத் தண்ணியை ஊத்துவார்? ஆகவே உப்பைச் சவர்த்தண்ணியால் கழுவுகிறோம். வாகனம் பார்க்க மினுங்கும், உப்பு போகாது.

தீவின் ஏழ்மையும் தீவின் தண்ணியும் தீவின் வாகனமும் ஒரே கதை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பராமரிப்பு இல்லாத ஆக்கள் என்று யாழ்ப்பாண ரவுணிலிருந்து நக்கல் அடிக்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

இப்ப வியாபாரத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டுக்குள் புது வாகனம் இல்லை. வாங்கின விலையைவிடக் கூடின விலைக்குப் பழையது விற்ற விசித்திரத்தை எல்லாரும் பார்த்தோம். திறந்தபிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு மீன் வியாபாரிக்குப் புது பிக்கப் எட்டாக்கனி. இந்த இடைவெளியில் வளர்ந்த தொழில்தான் பட்டி பூசுகிற தொழில். அழுகின தகட்டை வெட்டி எடுக்காமல், அதுக்கு மேலேயே ஒரு துண்டுத் தகடு வைத்து நாலு இடத்தில் ஒட்டு, பிறகு பட்டி, பிறகு உரஞ்சல், பிறகு இராணுவப் பச்சையோ மண் நிறமோ. அடிக்குத் தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு. முன்னுக்குப் பெரிய லைற். "ஃபுல் றெஸ்ரோர்" என்று விளம்பரம்.

அழுகின தகட்டுக்கு மேல் புதுத் தகடு ஒட்டுவது திருத்தம் இல்லை, அது மூடிமறைத்தல். இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் சிக்கும், முன்னரைவிட வேகமாக அரிக்கும். ஒட்டின புதுத் தகடு நிற்கும், அது பிடித்துக்கொண்டு நிற்கிற பழைய தகடு இருக்காது. இதைச் செய்கிற ஆளுக்கும் இது தெரியும். வாங்குகிற ஆளுக்கு மட்டும் தெரியாது.

கராஜ்காரரை ஒட்டுமொத்தமாகத் திட்டுகிறோம் என்று எடுக்கவேண்டாம். 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்குள் வராத காலத்தில், ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜையும் மொறிஸ் மைனரையும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள் எங்கட மெக்கானிக்மார். அந்தக் கைவேலைக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் போதாது. ஆனால் அது வேறு வழியே இல்லாத காலத்தில் செய்த வேலை. அதே சாமர்த்தியத்தை முப்பது வருடம் கழித்து, இலாபத்துக்காக, தெரியாத ஒருத்தனின் தலையில் கட்டிவிட்டு "எங்கட பரம்பரைத் திறமை" என்று சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது.

"விண்டேஜ்" காதலர்களுக்கும் ஒரு சொல். இந்தத் தீவுகளுக்கு இந்த வகை வாகனம் காதல் சின்னமாக வரேல்லை. திணைக்களத்து வாகனமாக வந்தது, பிறகு இராணுவத்து வாகனமாக வந்தது. 1992 ஆகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையில் டென்சில் கொப்பேகடுவ உட்பட்ட இராணுவ அதிகாரிகள் கொல்லப்பட்டதும் ஒரு லாண்ட் றோவரில் வைத்துத்தான். மூத்த ஆக்களிடம் போய் "கிளாசிக்" என்று சொன்னால் அவர்கள் முழுசிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2008இலிருந்து வருடா வருடம் புகைச் சோதனை. அது இருந்தால், காப்புறுதியும் இருந்தால், தனியார் ஜீப்புக்கு வரிப்பத்திரம் கிடைக்கும். குழாயிலிருந்து வாற புகையைக் கருவி வைத்து அளக்கிறோம், சேசியைச் சுத்தியலால் ஒருக்கால் தட்டிப் பார்ப்பதில்லை. குறிகட்டுவானில் படகு ஏறும்போது உயிர்காப்பு அங்கி போடச் சொல்கிறார்கள். நல்ல விசயம். கடலைத் தாண்டி இறங்கினதும் அதே ஆள், அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பின்தட்டு ஓட்டையால் றோட்டுத் தெரிகிற பிக்கப்பில் ஏறுகிறார். அதைக் கேட்க ஒருத்தரும் இல்லை. ஆபத்து கடலில் மட்டும்தான் என்று ஆர் முடிவு செய்தது?

"உந்த ஜீப்பையும் நிப்பாட்டினா சனம் எதில போறது, வயித்துவலிக்காரரை எதில இறங்குதுறைக்குக் கொண்டுபோறது?" இந்தக் கேள்வியை எங்களிடமே கேட்டார்கள், இன்னும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் நிப்பாட்டச் சொல்லவில்லை. பறிமுதல் செய்து, தண்டம் அடித்து, அன்றாடம் உழைக்கிற ஆளின் வயிற்றில் அடிக்கிற "பாதுகாப்பு" எங்களுக்கு வேண்டாம். சோதிக்கிற ஆள் தீவுக்கு வரட்டும். வருடத்தில் இரண்டு தரம், சோளகம் தொடங்க முன்னரும் மாரி முடிந்த பிறகும், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் வாகனத்தைத் தூக்கி அடியைப் பார்க்கட்டும். பிழை கண்டால் தண்டத்துக்குப் பதில் திருத்தத் தவணையும் சிறு கடனும் கொடுக்கட்டும். சனத்தை ஏற்றுகிற தீவு வாகனங்களுக்கு இறக்குமதி வரியில் விலக்குக் கேட்பதில் வெட்கம் என்ன? பாராளுமன்ற உறுப்பினர்மாருக்கு வாகன அனுமதிப்பத்திரம் கொடுத்துப் பழகின நாடு இது. சேசியின் இலக்கம் அடித்த துண்டை மாற்றினால் பதிவில் சிக்கல் வரும் என்ற பயத்தில், அழுகினதை வெட்டாமல் ஒட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முறையாகச் சேசி மாற்ற இலகுவான வழி வைத்தால் அந்தப் பொய் ஒட்டுக்கள் பாதி நிற்கும். பிரித்தானியாவில் லாண்ட் றோவருக்குத் துத்தநாகத்தில் தோய்த்த புதுச் சேசியே வாங்கலாம். இறங்குதுறையில் வாகன அடி கழுவ நல்ல தண்ணிக் குழாய் ஒன்றும் வேணும். சிரிக்காதீர்கள், இந்தப் பட்டியலில் ஆகச் செலவு குறைந்ததும் ஆக அதிகம் காப்பாற்றக்கூடியதும் அதுதான்.

அதுவரைக்கும், வாங்குகிற பெடியளுக்கு. மழையில் நனைந்த வாகனத்தைப் பார்க்கப் போகாதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயின்றும் அழகு. ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். இரும்புப் பொடியில் அது ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. (லாண்ட் றோவரில் இந்த வித்தை சரிவராது, அலுமினியத்தில் எங்கேயும் ஒட்டாது.) காலடி விரிப்பைத் தூக்குங்கள். கதவை மூடித் திறந்து பாருங்கள், மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் வித்தியாசமாக இருந்தால் கீழே ஏதோ தொய்ந்திருக்கிறது. பிறகு நிலத்தில் படுத்து, சேசியை நீளத்துக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிச் சத்தம் போடும், அழுகினது பழைய பலகை மாதிரி மொத்தும். வில்லுத்தகடு பூட்டின இடங்களில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் எழும்பி வாங்கோ. "தம்பி, பெயின்ற் பழுதாப்போம்" என்று விற்கிறவர் தடுத்தாலும் எழும்பி வாங்கோ.

கழிவு ஒயில் பூசுகிற பழக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், இறப்பர் புஷ்களை ஊதவைக்கும், நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். சேசியின் உள்ளுக்கு மெழுகு அடிப்பதுதான் சரி. அதுவும் உள்ளே தகடு மிச்சம் இருந்தால்.

நெடுந்தீவுக்குப் போகிற ஆக்களுக்கும் இருக்கு. பிக்கப்பில் ஏற முன் ஒருக்கால் குனிந்து பாருங்கோ. ஓட்டுற அண்ணை கோவிக்கமாட்டார். எங்க ஓட்டை, எங்க ஒட்டு, போன மாரிக்கு எது கழண்டது எண்டு அவரே விரலால் தொட்டுக் காட்டுவார். அவருக்கும் உதைப் பற்றிக் கதைக்க ஆள் வேணும்.